மூன்றாவது குரல்

ஐந்தாறு வருஷங்களுக்கு முன்னால், கொல்லிமலைக்கு முதன்முதலாக மோட்டார் ரோடு வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. ஐப்பசி மாதம். மழை விட்டிருந்தது, ஆனால் மூடுபனி விடவில்லை. மத்தியான வேளையிலும் பத்தடிக்கு அப்பால் நிற்கிறவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. அந்தப் பனிக்குள்தான் நான் என் அம்மாவைத் தொலைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நின்றேன்.

முதலில் நான் அந்த ரோட்டு வேலைக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மலை மேல், அரியூர் நாட்டில் இருக்கிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அடிவாரத்தில் தங்கிப் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். ஆசிரியர் பயிற்சிக்கு இடமும் கிடைத்தது. அதைச் சொன்ன அன்றைக்கு அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வெளியே போய், ஊரில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "எம்பையன் வாத்தியாரு ஆவப் போறானுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அம்மாதான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த மாதமே அப்பா பலாப்பழம் இறக்க மரம் ஏறி, விழுந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. போர்வையை மூங்கிலில் டோலியாகக் கட்டி, அவரைக் கிடத்தி, ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டு காட்டு வழியில் இறங்கினோம். அடிவாரத்துப் பேளுக்குறிச்சி வரை கொண்டுபோய்விட்டால் வண்டி பிடித்துவிடலாம் என்பது கணக்கு. பாதி மலைகூட இறங்கவில்லை. "தண்ணி" என்றார். சுரைக்குடுக்கையில் இருந்ததை வாயில் விட்டேன். அது உள்ளே போகவில்லை.

பயிற்சிக்கு நான் போகவில்லை. "நீ போ சாமி, நான் பாத்துக்கறேன்" என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. அப்பா விழுந்த நாளிலிருந்து எனக்குள்ளே ஒரு பயம் புகுந்திருந்தது. அம்மா விறகுக்குப் போய்த் திரும்ப நேரமானால் பாதி வழிக்குத் தேடிக்கொண்டு போவேன். இரவில் அவள் மூச்சு விடுகிறாளா என்று காது கொடுத்துக் கேட்பேன். இவளும் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற நினைப்பைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் நிற்கவில்லை. இப்படிப்பட்டவன் பயிற்சிக்குப் போய் என்ன படிப்பான்?

ரோட்டு வேலை எங்கள் பக்கம் வந்து சேர்ந்ததும், எழுத்து வேலை ஏதாவது கிடைக்குமா என்று ஓவர்சியரிடம் போய் நின்றேன். அவர் மலைக்குக் கீழேயிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர். என்னை மேலும் கீழும் பார்த்தார். பதிலே சொல்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். நானும் நின்று பார்த்துவிட்டு, இல்லை என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு, அடுத்த நாள் மண் சுமக்கச் சட்டியைத் தூக்கினேன். கூடவே அம்மாவும் வந்துவிட்டாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "உங்கப்பனைத் தூக்கிக்கிட்டுப் போவ ரோடு இல்லாமப் போச்சு. இனி ஒருத்தருக்கும் அப்படி ஆவக் கூடாது. நானும் நாலு சட்டி மண்ணு போட்டுட்டு வாரேன்" என்றாள்.

அங்கே பாறைக்கு வெடி வைக்கிறவர் பேளுக்குறிச்சிப் பக்கத்து ஆள். வாய் ஓயாமல் வெற்றிலை போடுவார். நான் படித்தவன் என்று தெரிந்ததிலிருந்து என்னை அவர் ஒருநாளும் சும்மா விட்டதில்லை.

"ஏனுங்க எஸ்செல்சி, அந்தச் சட்டியைக் கொஞ்சம் அக்கட்டால நகத்தி வைக்கிறீங்களா? இங்கிலீசுல சொன்னாத்தான் நகருமுங்களா?"

எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். அவள் சிரிக்கிறாளே என்று நானும் பொறுத்துக்கொள்வேன்.

பாறையில் உளியால் துளை போட்டு, மருந்து அடைத்து, திரி வைப்பார்கள். மத்தியானம் எல்லோரும் மேலே ஒரு சமதளத்தில் உட்கார்ந்து களி சாப்பிடுகிற நேரத்தில்தான் வெடி. வெயில் நாளில் அவர் பாறை மேல் ஏறி நின்று சிவப்புத் துணியை ஆட்டுவார். சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். ஆள் நடமாட்டம் இல்லை என்றால் திரியைப் பற்ற வைத்துவிட்டு மேலே ஓடி வந்துவிடுவார். பனி நாளில் துணி எங்கே தெரியும்? அதனால் வாயால் கூவுவார். "ஓ...ய்! ஆரு இருக்கறது?" என்று ஒரு தடவை. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. பதில் வரவில்லை என்றால் யாரும் இல்லை என்று அர்த்தம். கீழ்நாட்டில் அப்படித்தானே?

எங்கள் மலையில் அப்படி இல்லை. முகம் தெரியாத இடத்திலிருந்து குரல் வந்தால் முதல் குரலுக்கு வாய் திறக்க மாட்டார்கள். இரண்டாவதுக்கும் திறக்க மாட்டார்கள். காத்துக் கருப்புக்கு இரண்டு தடவைதான் கூப்பிட வரும், மூன்றாவது கூப்பிடுகிறவன்தான் மனுஷன் என்பது எங்கள் சனங்களின் நம்பிக்கை. பேச்சுப் பழகும்போதே இதுவும் பழகிவிடும். காட்டில் ஒருவரை ஒருவர் தேடும்போது மூன்று தடவை விட்டுவிட்டுக் கூப்பிடுவோம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. அதனால்தானோ என்னவோ, வெளியிலிருந்து வந்தவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றும் எங்களுக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு நான் சமதளத்தின் ஒரு ஓரத்தில் ஆண்களோடு உட்கார்ந்திருந்தேன். பெண்கள் வழக்கமாக மறு ஓரத்தில் ஒரு மரத்தடியில் உட்காருவார்கள். பனியில் மரமே தெரியவில்லை. அம்மா அங்கேதான் இருப்பாள் என்று எண்ணிக்கொண்டு களியை உருட்டினேன்.

கீழே பாறைப் பக்கமிருந்து வெடிக்காரர் கூவுவது கேட்டது.

"ஓ...ய்! ஆரு இருக்கறது?"

பிறகு இன்னொன்று. அதோடு நின்றுவிட்டது.

என் கை களியோடு அப்படியே நின்றது. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, நான் மூன்றாவது குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். இத்தனை படித்தும், இதையெல்லாம் நம்புவதில்லை என்று ஹாஸ்டலில் பையன்களோடு வாதாடியும், காது தானாகவே எண்ணியிருக்கிறது.

எனக்கே இப்படி என்றால், மற்றவர்கள் வாய் திறந்திருப்பார்களா?

அந்த நினைப்பு வந்ததும் எழுந்து மரத்தடிக்கு ஓடினேன். அங்கே கைக்குழந்தையோடு ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா எங்கக்கா?"

"மேல தண்ணி கலங்கலாக் கெடக்குதுன்னு எல்லாரும் கீழ ஊத்துக்குப் போனாங்களே கண்ணு. உங்கம்மாதான் முன்னால போனா."

ஊற்று இருப்பது அந்தப் பாறைக்கு நேர் கீழே, பள்ளத்தில். வெடித்துச் சிதறுகிற கல்லெல்லாம் உருண்டு போய் விழுகிற இடம்.

கால் தடுக்கத் தடுக்கப் பாறைப் பக்கம் ஓடினேன். சமதளத்தின் விளிம்புக்கு வந்ததும் பள்ளத்தைப் பார்த்து, வெடிக்காரர் விட்ட இடத்திலிருந்து, அதே மாதிரி இழுத்துக் கூவினேன்.

"ஓ...ய்!"

உடனே, கொஞ்சம்கூடத் தாமதிக்காமல், காலுக்குக் கீழேயிருந்து ஐந்தாறு பெண் குரல்கள் சேர்ந்து எழுந்தன.

"ஓ...வ்! ஆரு சாமி அது?"

அந்த நேரத்தில்தான் வெடிக்காரர் பனிக்குள்ளிருந்து மேலே ஓடி வந்தார். அந்தப் பதிலை அவரும் கேட்டார். வாயிலிருந்த வெற்றிலைச் சாறு தாடையில் வழிய அப்படியே நின்றுவிட்டார்.

"அய்யோ, ஆளு இருக்குதே! திரியைப் பத்த வெச்சுட்டேனே!"

"போய் அணைக்க முடியாதுங்களா?"

"போனா நானும் போயிருவேன்" என்றார். சொல்லிவிட்டு இரண்டடி இறங்கவும் செய்தார். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

மேலே வருகிற தடம் பாறையை ஒட்டித்தான் வரும். ஏறி வரச் சொன்னால் நேராக வெடிக்குள்ளேயே வருவார்கள். என் தொண்டை எனக்குச் சொந்தமில்லாத மாதிரி கத்தியது.

"வெடீ! மேல வராதீங்க! பாறை இடுக்குல ஒண்டுங்க! அம்மா, ஒண்டிக்கோ!"

கீழே ஒரு சலசலப்பு. ஒரு பாத்திரம் உருண்ட சத்தம். அவ்வளவுதான் கேட்டது.

வெடிக்காரர் என் பிடரியில் கை வைத்து அழுத்தி என்னைத் தரையில் குப்புறத் தள்ளினார். வெடித்தது. வயிற்றுக்கடியில் மலை உதறிக்கொண்டது. அதன் பிறகு கல் உருளுகிற சத்தம். ஒன்று நின்றால் இன்னொன்று. பள்ளத்தில் போய் மோதி, மரக்கிளை முறிந்து, மறுபடி உருண்டு. ஓய்கிறது என்று நினைத்தால் ஓயவில்லை. அதைப் போல ஒரு சத்தத்தை நான் மறுபடி கேட்டதில்லை. கேட்கவும் வேண்டாம்.

எல்லாம் அடங்கிய பிறகு பனியோடு மருந்துப் புகையும் சேர்ந்து கண் எரிந்தது. பள்ளம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.

"அம்மா!" என்று கூப்பிட்டேன்.

பதில் இல்லை.

"அம்மா!"

பதில் இல்லை.

வாசகர்களே, அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. இரண்டு குரலுக்குப் பதில் வராவிட்டால், எங்கள் வழக்கப்படி பேசாமல் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். மூன்றாவதற்கும் வராவிட்டால்? அதற்கப்புறம் சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. கூப்பிடாமல் இருக்கிறவரைக்கும் அம்மா உயிரோடு இருக்கிறாள். அப்படித்தான் அந்த நேரத்தில் என் புத்தி போயிற்று. அப்பாவின் வாயோரம் வழிந்த தண்ணீர் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போயிற்று.

"கூப்புடு எஸ்செல்சி" என்றார் பக்கத்திலிருந்த வெடிக்காரர். அவர் குரலில் கேலி இல்லை. "இன்னொருக்காக் கூப்புடு சாமி. எனக்குக் கொரலு வரலே."

கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டேன்.

"அம்மா...!"

"சாமீ! இருக்கறயாடா!"

அம்மாவின் குரல்! நான் எப்படி இறங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உட்கார்ந்தபடியே சறுக்கியிருக்க வேண்டும், பிறகு பார்த்தால் டிராயரின் பின்பக்கமே இல்லை. பள்ளத்தில் ஒரு பெரிய பாறையின் அடியில் குடைவாக ஒரு இடம். அதற்குள் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி நெருக்கிக்கொண்டு ஒண்டியிருந்தார்கள். ஒருத்திக்கு முழங்கையில் சிராய்ப்பு. அம்மாவின் தூக்குச் சட்டி நசுங்கித் தட்டையாகக் கிடந்தது. அதைத் தவிர யாருக்கும் ஒன்றுமில்லை.

அம்மா என் முகத்தைத் தடவினாள். தோளைத் தடவினாள். பிறகு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"மூணாவது கூப்புட இம்புட்டு நேரமாடா?"

"நீ ஏம்மா பேசாம இருந்தே? என் கொரலு தெரியலையா உனக்கு?"

"தெரிஞ்சுதான்டா வாயைத் தொறக்கலே." அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வெடிக்குப் பக்கத்துல நின்னு கத்திக்கிட்டு இருந்தவன் நீ. வெடிச்சுது. அப்பறம் உன் கொரலு வருது. அது நீயா, இல்லே..." மறுபடியும் என் முகத்தைத் தடவிப் பார்த்தாள். "மூணாவது வருமான்னு ஒக்காந்து எண்ணிக்கிட்டு இருந்தேன். வர மாட்டேங்குது. என் உசுரு போயிருச்சு."

மேலே நான் அவளுக்காகப் பயந்து வாயை மூடிக்கொண்டு நின்ற அதே நேரத்தில், கீழே அவள் எனக்காகப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் செத்துப்போனவராக நினைத்துக்கொண்டு, நடுவில் கொஞ்சம் புகையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

ஓவர்சியர் விஷயம் தெரிந்து ஓடி வந்தார். பயம் அவருக்குக் கோபமாக வந்தது.

"ஆள் இருக்கான்னு கேட்டா வாயைத் தொறந்து இருக்கோம்னு சொல்லத் தெரியாது? எல்லாரும் ஊமைகளா?"

எனக்குப் பெரியம்மா முறையான ஒருத்தி, முழங்கையில் சிராய்த்துக்கொண்டவள், முன்னால் வந்தாள். "ஏனுங்க, நீங்க ரெண்டு கொரலோட நிறுத்திக்கிட்டா நாங்க என்னத்தைங்க சொல்றது? மனுசராப் பொறந்தவங்க மூணாவது கூப்புட வேண்டாமுங்களா?"

கீழ்நாட்டு ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். வெடிக்காரர் சிரிக்கவில்லை. ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார், மடிக்காமலேயே திரும்பவும் மடியில் வைத்துக்கொண்டார். "பனி நாளுல எத்தனையோ வாட்டி ரெண்டே கொரலோட பத்த வெச்சிருக்கேனுங்க" என்றார் யாரையும் பார்க்காமல். சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் ஓவர்சியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"படிச்ச பையன் நீ. இந்தக் காத்துக் கருப்பையெல்லாம் நீயும் நம்புறியா?"

"நம்பறதில்லீங்க."

"அப்புறம்?"

"நம்பாமலேயும் வாய் வர மாட்டேங்குதுங்க."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். முன்பு டீ குடித்துக்கொண்டிருந்தாரே, அதே மாதிரி. இந்தத் தடவை நான் நகரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

"நாளையிலேருந்து சட்டி தூக்க வேண்டாம்" என்றார் கடைசியில். "வெடிக்கு முன்னால நீ கூவு. உங்க ஆளுங்களுக்கு எப்படிக் கூவணுமோ அப்படிக் கூவு. நீ சரின்னு சொன்னாத்தான் அவர் திரியைத் தொடுவார்."

அப்படித்தான் நான் கூவுகிறவன் ஆனேன். மூன்று குரல் கொடுப்பேன். அப்புறம் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் எங்கே இருக்கிறார், கூட யார் யார் என்று பதில் வாங்குவேன். எல்லோரும் கணக்கில் வந்து சேர்ந்த பிறகுதான் வெடிக்காரரைப் பார்த்துத் தலையசைப்பேன். அந்தத் தலையசைப்பு ஒவ்வொரு நாளும் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. தலையசைத்த பிறகும், திரி எரிகிற நேரம் முழுக்க, யாரையாவது விட்டுவிட்டேனோ என்று பெயர்களைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருப்பேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா ஒருத்திக்காக மட்டும் பயந்துகொண்டிருந்தவன், அங்கே வேலை செய்த அத்தனை பேருக்காகவும் பயப்பட ஆரம்பித்தபோது, அந்தப் பயத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க முடிந்தது. அதற்கு ஒரு வேலை இருந்தது.

மலைச் சனங்களுக்கும் ஓவர்சியருக்கும் நடுவில் பேச்சு வார்த்தை எதுவானாலும் என்னிடம் வர ஆரம்பித்தது. நான் முதலில் கேட்ட எழுத்து வேலையும் கொஞ்ச நாளில் தானாக வந்து சேர்ந்தது. "அன்னிக்கே கேட்டேனுங்களே" என்றேன் ஓவர்சியரிடம். "கேட்டே. நான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம்" என்றார் அவர். அதை அவர் விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம், கைவிட்டுப் போயிற்று என்று நான் மூடி வைத்திருந்த பயிற்சிக்கு மறுபடியும் விண்ணப்பம் போட்டேன். பதிலே வரவில்லை. நேரில் போனேன். பிறகு வா என்றார்கள். இன்னொரு தடவை போனேன். இடம் கிடைத்தது. நான் புறப்பட்ட அன்று வெடிக்காரர் ஒரு வெற்றிலைக் கட்டைக் கையில் திணித்து, "ஏனுங்க வாத்தியாரே, பரீச்சையில ரெண்டு கேள்வியோட எழுந்து வந்துராதீங்க" என்றார். அம்மா வழக்கம்போல முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது எங்கள் மலையிலேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறேன். ரோட்டில் லாரி ஏறி வருகிறது. போன மழைக்காலத்தில் பக்கத்து ஊரில் பிரசவ வலி எடுத்த ஒருத்தியை அதில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார்கள். தாயும் பிள்ளையும் நலம். அந்தச் செய்தியை அம்மா எனக்குச் சொன்ன விதத்தைப் பார்த்தால், அவளே போய்ப் பிரசவம் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

எனக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஒன்றைக் கேட்டுப் பதில் வராமல் நிற்கும்போதெல்லாம் அந்தப் புகை மறுபடியும் என் முன்னால் வந்து நிற்கிறது, திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றுகிறது. ஆனால் பயந்து வாயை மூடிக்கொண்டு மறுபக்கமும் ஒருவர் என் குரலுக்காகக் காத்திருக்கலாம் என்று அம்மா அன்றைக்கு எனக்குக் காட்டிவிட்டதால், கண்ணை மூடிக்கொண்டாவது இன்னொரு தடவை கூப்பிட்டுவிடுகிறேன்.